எலுமிச்சம்பழ அளவு கல்லில் எத்தனை கிராம் தங்கம்?

கல்லின் எடை 182.4 கிராம். அளவு பெரிய எலுமிச்சம்பழம். ஒரு பக்கம் பால் வெள்ளை, மறுபக்கம் துருவேறிய பழுப்பு. அந்தப் பழுப்புக்கு நடுவே நகக்கண் அகலத்தில் ஒரு மஞ்சள் கீற்று. கண்ணுக்குத் தெரிந்த தங்கம் அவ்வளவுதான். ஆனால் மெட்டல் டிடெக்டரை மேலே காட்டினால் வந்த சத்தம் அந்தக் கீற்றுக்கு உரியதாக இல்லை. உள்ளே இன்னும் இருக்கிறது. எவ்வளவு என்று கல்லை உடைக்காமல் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் நான்கு விடைகள் வந்தன: 19.5, 22, 16.5, 13. நான்கும் ஒரே கல்லுக்கு.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கத்து லைன் வீட்டில். தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கினவர், அப்பா மேலே கல்லை அரைத்துத் தங்கம் பிரிக்கும் மில்லில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இப்போது மெல்போர்னில் வேலை. இங்கே விக்டோரியா மாநிலத்தில் ‘மைனர்ஸ் ரைட்’ என்று ஓர் அனுமதிச் சீட்டு உண்டு. ஒரு முறை வாங்கினால் பத்து ஆண்டு செல்லும். அனுமதித்த காடுகளில் டிடெக்டரும் கைக்கருவியும் வைத்துத் தேடலாம், கிடைத்தது நம்முடையது, தோண்டிய குழியை மட்டும் மூடிவிட்டு வர வேண்டும். இதைக் கேள்விப்பட்ட அன்றே வாங்கிவிட்டேன். தங்கவயல்காரனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

குளிர்காலத்தில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, இதே மாநிலத்தில் உள்ள டனாலி என்ற ஊர்ப் பக்கம் போவோம். நாங்கள் என்றால் நானும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரும். அவர் வேதியியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டனாலிக்குப் பக்கத்து மொலியாகலில்தான் 1869-ல் ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ என்ற பெரிய கட்டியை எடுத்தார்கள். சுமார் 72 கிலோ சுத்தத் தங்கம். அதிலும் குவார்ட்ஸ் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நெருப்பில் போட்டுச் சூடேற்றிக் கல்லை உதிர்த்தார்கள். டனாலியில் அதை நிறுக்கும் அளவுக்குத் தராசு இல்லாததால் பட்டறைக் கல்லில் வைத்துத் துண்டாக்க வேண்டியிருந்தது.

குவார்ட்ஸ் என்பது நம் ஊர் வெங்கச்சங்கல்தான். அதில் ஊடுருவி நிற்கும் தங்கத்தை இங்கே ‘ஸ்பெசிமன்’ என்பார்கள். தனிக்கட்டியாகக் கிடைப்பது ‘நக்கெட்’. நக்கெட்டைத் தராசில் போட்டால் வேலை முடிந்தது. ஸ்பெசிமனுக்கு அப்படி இல்லை. தராசு காட்டுவது கல்லும் தங்கமும் சேர்ந்த எடை.

கணக்கு என்னவோ எளிது. ஒரு கன சென்டிமீட்டர் குவார்ட்ஸ் 2.65 கிராம் இருக்கும். அதே அளவு சுத்தத் தங்கம் 19.3 கிராம். மண்ணிலிருந்து எடுக்கும் தங்கத்தில் கொஞ்சம் வெள்ளி கலந்திருக்கும், அதனால் நான் 18.5 என்று வைத்துக்கொள்கிறேன். கல்லின் கன அளவைக் கண்டுபிடித்து 2.65-ஆல் பெருக்கினால், முழுக்க வெறும் குவார்ட்ஸாக இருந்தால் என்ன எடை வரும் என்று கிடைக்கும். நிஜ எடை அதைவிட எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் குவார்ட்ஸ் இருந்த இடத்தில் தங்கம் வந்து உட்கார்ந்தால் எடை 15.85 கிராம் கூடும். ஆக, கூடுதலை 15.85-ஆல் வகுத்தால் தங்கத்தின் கன அளவு, அதை 18.5-ஆல் பெருக்கினால் தங்கத்தின் எடை. சுருக்கமாக, கூடுதல் எடையை 1.167-ஆல் பெருக்கினால் போதும்.

கன அளவு எடுப்பதற்கும் பெரிய சாமான் தேவையில்லை. 0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீரை வைத்து, தராசைப் பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை மீன்பிடி நரம்பில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். நரம்பின் மறுமுனை உங்கள் கையில் இருந்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் ஒரு குச்சியை நிறுத்தி அதில் கட்டிவிடுவது நல்லது. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பதால், தராசு காட்டும் கிராம் எண்ணிக்கைதான் கன சென்டிமீட்டரில் கல்லின் கன அளவு. கல் அடியிலோ ஓரத்திலோ கொஞ்சம் உரசினாலும் எண் கூடிவிடும், தங்கம் குறைந்துவிடும்.

இனி என் கல்லுக்கு வருகிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேடையில் வைத்து அளந்தேன். தராசு 64.3 காட்டியது. 182.4-லிருந்து அதைக் கழித்தால், தண்ணீருக்குள் கல்லின் எடை 118.1. இங்கே தங்கம் தேடுபவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: தண்ணீர் எடையை 3.1-ஆல் பெருக்கு, காற்றில் உள்ள எடையை 1.9-ஆல் பெருக்கு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி. அப்படியே போட்டேன். 19.5 கிராம் வந்தது.

உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிறார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “மில்லுல நாங்க கல்லப் பாத்து கணக்கு சொல்ல மாட்டோம்பா. அஸ்ஸே ரிப்போர்ட் வந்தாதான் பேச்சு.” கல்லின் மாதிரியைச் சோதித்து, அதில் எவ்வளவு தங்கம் என்று ஆய்வகம் தரும் அறிக்கை அது.

அது எனக்கு உறைத்தது, காரணம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு சந்தையில், “அடர்த்திக் கணக்குப்படி உள்ளே 8 கிராம் தங்கம்” என்று எழுதி ஒட்டிய ஸ்பெசிமன் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கியிருந்தேன். வெளியே பொடிப்பொடியாகத் தங்கம் தெரிந்தது நிஜம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஓரத்தைச் சுத்தியலால் தட்டினபோது பூண்டு வாசனை அடித்தது. ஆர்சினோபைரைட், ஆர்செனிக் கலந்த இரும்புக் கனிமம். அதன் அடர்த்தி 6-க்குக் கொஞ்சம் மேல். இந்தக் கணக்கில் ஒரு கிராம் ஆர்சினோபைரைட் தன்னை 0.65 கிராம் தங்கம் என்று காட்டிக்கொள்ளும். பன்னிரண்டு கிராம் இருந்தாலே அந்த எட்டு கிராம் ‘தங்கம்’ வந்துவிடும். விற்றவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன், அவரும் கணக்கை நம்பியிருக்கலாம். ஆனால் அன்று முதல் அடர்த்திக் கணக்கை யார் சொன்னாலும் “கல்லில் வேறு என்ன இருக்கிறது?” என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. பூண்டு வாசனை வரும் கல்லை யாரும் சூடேற்ற வேண்டாம். வரும் புகை ஆர்செனிக்.

அடுத்த வாரம் அண்ணை வீட்டுக்கு வந்தார். கல்லைப் பார்த்ததும் கேட்டார்: “ஊறப்போட்டனீரோ?”

போடவில்லை. அந்தப் பழுப்புப் பக்கத்தில் ஊசிமுனை அளவில் நூறு பொத்தல். அதிலெல்லாம் காற்று. கல்லைத் தண்ணீரில் இறக்கும்போது அந்தக் காற்றும் கல்லோடு சேர்ந்து தண்ணீரைத் தள்ளும். ஒரு கன சென்டிமீட்டர் காற்று மாட்டிக்கொண்டால் மூன்று கிராம் தங்கம் கணக்கில் காணாமல் போகும். அளக்கும்போது நேரும் பெரிய தவறு இதுதான்.

கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கல்லை இரவு முழுக்க ஊறவைத்தேன். கொதித்த தண்ணீரில் கரைந்த காற்று இருக்காது, அதனால் பொத்தலில் உள்ள காற்றை அது மெல்ல உள்வாங்கும். காலையில் ஒரு மென்மையான பிரஷ்ஷால் தண்ணீருக்குள்ளேயே துடைத்தபோது, பழுப்புப் பக்கத்திலிருந்து குண்டூசித் தலை அளவில் குமிழ்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. அவை நின்றபிறகு, கல்லைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமலே அளந்தேன். 63.5. காற்றில் எடுக்கும் எடையை ஊறவைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், ஈரக் கல்லின் எடை பொய்.

கைக்கணக்கில் இப்போது 22 கிராம். குமிழ் போனதும் தங்கம் கூடியது. எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணை சிரிக்கவில்லை. “தம்பி, இதே கணக்க ஒரு வெறுங்கல்லுக்கு ஒருக்காப் போட்டுப் பாரும். என்ன வருது எண்டு பாப்பம்.”

கல் கிடைத்த அதே குழிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவந்த வெறும் குவார்ட்ஸ் துண்டு ஒன்று பையில் கிடந்தது. டிடெக்டர் அதன் மேல் சத்தமே போடாது. எடை 140.2, ஊறவைத்து அளந்த கன அளவு 52.9. அடர்த்தி 2.65, பாடப்புத்தகத்தில் உள்ளபடியே. ஆனால் கைக்கணக்கு அந்த வெறுங்கல்லில் 4.2 கிராம் தங்கம் இருப்பதாகச் சொன்னது!

காகிதத்தை எடுத்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. சரியான எண்கள் 3.09, 1.93. நினைவில் வைக்க வசதியாக 3.1, 1.9 என்று முழுமையாக்கிவிட்டார்கள். முதலாவதைக் கொஞ்சம் கூட்டி, இரண்டாவதைக் கொஞ்சம் குறைத்ததால் இரண்டு தவறும் ஒரே பக்கம் சாய்கின்றன. கல்லின் எடையில் சுமார் 3 சதவீதம் இல்லாத தங்கமாக ஏறிவிடுகிறது. பாதிக்குப் பாதி தங்கமாக இருக்கும் கல்லுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் அரைக் கிலோ கல்லில் 20 கிராம் தங்கம் இருந்தால், கைக்கணக்கு 35 என்று சொல்லும். விற்பவரும் வாங்குபவரும் இந்த எண்ணை வைத்துத்தான் பேரம் பேசுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. தயவுசெய்து கைக்கணக்கை விட்டுவிட்டு, மேலே சொன்ன கூடுதல் எடை வழியில் போடுங்கள். இரண்டு நிமிடம்தான் அதிகம்.

அந்த வழியில் என் கல்: 63.5-ஐ 2.65-ஆல் பெருக்கினால் 168.3. கூடுதல் 14.1 கிராம். தங்கம் 16.5.

22-லிருந்து ஒரே மூச்சில் 16.5. இன்னும் பழுப்பு பாக்கி.

பழுப்பு என்பது இரும்புத் துரு. ஒரு காலத்தில் பைரைட்டாக, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமாக இருந்து, மண்ணில் கிடந்து உளுத்துப்போனது. அதுவும் குவார்ட்ஸைவிட அடர்த்தி அதிகம், ஏறக்குறைய 4. ஒரு கிராம் துரு 0.4 கிராம் தங்கமாக வேஷம் போடும். உளுக்காத பைரைட் என்றால் அரை கிராமுக்கு மேல், ஈயக் கனிமமான கலீனா என்றால் முக்கால் கிராம். விக்டோரியாவில் தங்கம் சிலேட் பாறையோடு ஒட்டியும் வரும். 50 கிராம் சிலேட் ஒட்டியிருந்தால் அதுவே 2 கிராம் பொய்த் தங்கம். தராசுக்குத் தங்கம் என்று ஒன்று தெரியாது. குவார்ட்ஸைவிடக் கனமானது எல்லாமே அதற்குத் தங்கம்தான்.

செங்கல் சுவர் கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கல்லைப் போட்டேன். தோட்டத்தில், நல்ல காற்றோட்டமான இடம் பார்த்து, கையுறையும் கண்ணாடியும் போட்டு. பிளீச் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஐந்து நாள். தினமும் அமிலம் தேநீர் நிறமாக மாறும், ஊற்றிவிட்டுப் புதிதாக மாற்ற வேண்டும். ஊற்றுவதற்கு முன் சமையல் சோடா போட்டு அமிலத்தை அடக்கினேன். சிலர் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் போட்டுக் குவார்ட்ஸையே கரைக்கிறார்கள். வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம், தோல் மேல் பட்டால் உள்ளே இறங்கி ஆளையே கொல்லும்.

ஐந்தாம் நாள் பழுப்பு போய், கல்லின் அந்தப் பக்கம் தேன்கூடு மாதிரி ஆகியிருந்தது. கூட்டின் ஓட்டைகளுக்குள் தங்கம் வேர் மாதிரி ஓடியது தெரிந்தது. நல்ல வெயிலில் பார்த்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தங்கக் கல்லோடு பிழைப்பு, ஆனால் கல்லுக்குள் தங்கம் இருக்கும் கோலத்தைக் கண்ணால் பார்த்தது எனக்கு அதுதான் முதல் முறை. தங்கவயல் கல்லில் தங்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. தாத்தா உடைத்து அனுப்பிய பாறையில் கடைசிக் காலத்தில் டன்னுக்குச் சில கிராம்தான் இருந்தது. அந்த மாதிரிக் கல்லுக்கு அடர்த்திக் கணக்கு ஒன்றுக்கும் உதவாது. டன்னுக்கு 30 கிராம் என்ற அருமையான தாதுவாக இருந்தாலும், ஒரு கிலோ கல்லில் 0.03 கிராம். எந்தத் தண்ணீரும் தராசும் அதைப் பிடிக்காது.

கழுவி, உலர்த்தி, மறுபடி நிறுத்தேன். 173.0. துரு 9.4 கிராம் போயிருந்தது. மறுபடி இரவு ஊறவைத்து அளந்தால் கன அளவு 61.1. வெறும் குவார்ட்ஸாக இருந்தால் 161.9 இருக்க வேண்டும். கூடுதல் 11.1. தங்கம் 13.0 கிராம்.

இந்த இடத்தில் அண்ணை ஒரு காரியம் செய்யச் சொன்னார், இப்போது ஒவ்வொரு கல்லுக்கும் செய்கிறேன். நாம் ஊகமாக வைத்த எண்களைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. தங்கத்தின் அடர்த்தியை 18.5-க்குப் பதில் 19.3 என்று வைத்தேன், விடை 12.9. வெள்ளி அதிகம் என்று 17.5 வைத்தேன், 13.1. மாற்றமே இல்லை என்று சொல்லலாம். தங்கத்தின் மாற்று, அதாவது சுத்தம், தெரியவில்லையே என்று இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. குவார்ட்ஸின் அடர்த்தியை 2.65-க்குப் பதில் 2.62 ஆக்கினேன், 15 கிராம் ஆகிவிட்டது! எல்லாரும் தங்கத்தின் அடர்த்தியைப் பற்றியே விவாதிக்கிறார்கள். விடையைத் தூக்குவதும் இறக்குவதும் கல்லின் அடர்த்திதான். அதனால்தான் பக்கத்திலிருந்து ஒரு வெறுங்கல்லை எடுத்து வந்து அதை முதலில் அளப்பது இவ்வளவு முக்கியம். ஒவ்வொரு ஸ்பெசிமனோடும் அதே இடத்து வெறுங்கல் ஒன்று என் பையில் இப்போது வரும்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இந்த அளவுக் கல்லுக்கு இரண்டு கிராம் முன்னே பின்னே இருக்கும். கணக்கில் வரும் தங்கம் கல்லின் எடையில் 3 சதவீதத்துக்குக் கீழே என்றால் நான் “தங்கம் இருக்கலாம்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன், எண் சொல்லமாட்டேன்.

அழகான ஸ்பெசிமனை உடைக்கக் கூடாது. சேகரிப்பவர்கள் தங்கத்தின் எடைக்கு மேலேயே விலை கொடுப்பார்கள். 1872-ல் நியூ சவுத் வேல்ஸின் ஹில் எண்டில் எடுத்த ஹோல்டர்மன் ஸ்பெசிமன் மொத்தம் 286 கிலோ, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதை நொறுக்கித் தங்கம் எடுத்துவிட்டார்கள். படம் மட்டும்தான் மிச்சம். இருந்தும் நான் என் கல்லை உடைத்தேன். 13 என்ற எண் நிஜமா என்று ஒரு தடவையாவது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அது தெரியாமல் அடுத்த கல்லுக்கு நான் சொல்லும் எண்ணை நானே எப்படி நம்புவது?

இரும்பு உரலில் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து இடித்தேன். காய்ந்த குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்கு எமன். தாத்தா கடைசி வருஷங்களில் நாலு படி ஏறவே நின்று நின்று ஏறுவார். ‘சிலிகோசிஸ்’ என்ற வார்த்தை தங்கவயலில் குழந்தைகளுக்கும் தெரியும். முகமூடியும் வேண்டும், ஈரமும் வேண்டும், இரண்டில் ஒன்று போதாது.

இடித்ததைத் தட்டில் போட்டு அரித்தேன். அம்மா அரிசியில் கல் அரிக்கும் அதே கைவாகுதான், அங்கே கல் பின்தங்கும், இங்கே தங்கம். நான்கு முறை இடித்து நான்கு முறை அரித்தேன். தட்டில் இருந்த கருமணலைக் காந்தத்தால் இழுத்துவிட்டு, தங்கத்தை உலர்த்தி, சின்னத் தராசில் வைத்தேன்.

12.7 கிராம்.

தட்டிலிருந்து நழுவிப்போன தூள் கொஞ்சம் இருந்திருக்கும். அப்பாவுக்கு வீடியோ காலில் தராசைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணை வாய்விட்டுப் படித்தார். பிறகு, “அரிச்ச மண்ணக் கொட்டிட்டியா? கொட்டாத. இன்னொரு தடவ அரிச்சுப் பாரு” என்றார்.

அந்த மண் ஒரு வாளியில் இன்னும் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அரிக்க வேண்டும்.